மழையில்லாமல் நனைந்த முற்றம்

விடியற்காலை சுபஹ் தொழுதுவிட்டு முற்றத்துக்கு இறங்கினேன். மணல் காலில் ஈரமாக ஒட்டியது. இரவு மழை பெய்யவே இல்லை.

மோட்டார் சைக்கிள் சீட்டைத் தொட்டால் கையெல்லாம் தண்ணீர். கூரைத் தகரத்திலிருந்தும் சொட்டிக்கொண்டிருந்தது.

சாய்ந்தமருதில் கடலுக்குப் பக்கத்தில் இருக்கிறவர்களுக்கு அந்த நேரம் என்ன நினைவு வரும் என்று சொல்லத் தேவையில்லை. சுனாமியன்று நான் சின்னப் பிள்ளை.

காதைக் கொடுத்துக் கேட்டேன். கடல் இரைச்சல் இல்லை. அன்றைக்கும் முதலில் கடல் உள்வாங்கித்தானே போனது?

சீட்டிலிருந்த தண்ணீரை விரலில் தொட்டு நாக்கில் வைத்தேன்.

உப்பு!

"இஞ்ச எழும்புங்க! கடல் வந்திருக்கு! தண்ணி உப்பா இரிக்கி!"

கணவர் ஓடி வந்தார். வானத்தைப் பார்த்தார், சீட்டைத் தொட்டார், பிறகு சிரித்தார்.

"பனி புள்ள இது. ராவு மேகமும் இல்ல, காத்தும் இல்ல, அதான் கடலும் இரையல்ல. சீட்டு நல்லாக் குளிர்ந்திருக்கு, காத்துல இருந்த ஈரம் அதுல படிஞ்சிருக்கு."

"அப்ப உப்பு?"

"பகல் முழுக்கக் கடக்காத்து அடிக்கிதுதானே, அந்த உப்பு. மணலைக் கிளறிப் பாரு."

காலால் கிளறினேன். மேலே மட்டும்தான் ஈரம். கீழே பொடிப்பொடியாகக் காய்ந்த மணல்.

அல்ஹம்துலில்லாஹ்.

அவர் இன்னும் சிரித்துக்கொண்டுதான் இருந்தார். ஆனால் இடுப்பில் தூங்குகிற மகள். கையில் மோட்டார் சைக்கிள் சாவி.

கடற்கரைப் பக்கத்து ஆட்களே, உண்மையைச் சொல்லுங்கள். பனிக்குப் பயந்து ஓடப் பார்த்த குடும்பம் எங்களுடையது மட்டும்தானா?