தம்புள்ளைக்குப் போட்ட புதுக் கம்பி

போன கிழமை மாத்தளையில் பல் டாக்டரிடம் நம்பர் எடுத்துவிட்டு உட்கார்ந்திருந்தேன். கன்னம் வீங்கிக் கிடந்தது. புத்தி வேறு எதிலாவது இருக்கட்டும் என்று ஃபோனைத் தட்டினால், கூப்பிடாமலே ஒருவன் திரையில் வந்து நின்றான். தாடி, தொப்பி, பின்னால் சுவர் முழுக்க கிட்டார்கள். பேஸ் கிட்டாருக்குச் சிறந்த கம்பி எது என்று கேட்டுவிட்டு, ஒன்பது பாக்கெட்டை மேசையில் அடுக்கினான். நிக்கல், ஸ்டீல், தட்டையாகச் சுற்றியது, மேலே ஏதோ பூச்சுப் பூசியது. ஒவ்வொன்றையும் மாட்டி, ஒரே ஒரு சுரத்தைத் தட்டி, கண்ணை மூடிக்கொண்டான். இது கதகதப்பு என்றான். அடுத்தது கொஞ்சம் இருட்டு என்றான். இன்னொன்றில் மரத்தின் குணம் தெரிகிறதாம். எங்கள் பக்கத்துத் தோட்டங்களில் தேயிலை ருசி பார்க்கிறவர்கள்கூட வாயில் இருப்பதைத் துப்பிவிட்டுத்தான் அபிப்பிராயம் சொல்வார்கள். இவன் துப்பவில்லை. விழுங்கி விழுங்கிப் பேசினான். கடைசி வரைக்கும் அந்தக் கம்பிகளில் ஒரு பாட்டு வாசிக்கப்படவில்லை.

சிரித்தேன், பல் வலித்தது. சிரிக்க எனக்கு அருகதை இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். அந்தத் தாடிக்காரன் யாருக்கும் கெடுதல் செய்யவில்லை. நான் செய்திருக்கிறேன்.

டாக்டரின் அறைக்கதவு திறந்தபோதெல்லாம் கிராம்பு எண்ணெய் வாசம் வந்தது. பக்கத்தில் இருந்தவர்கள் அதற்கே முகத்தைச் சுளித்தார்கள். எனக்கு அது ஒத்திகை வாசம். தொண்ணூறுகளில் நாலு பேர் சேர்ந்து ஒரு பேண்ட் வைத்திருந்தோம். டிரம்ஸ் வாசித்த நசீரின் வாப்பா மாத்தளையில் சரக்கு வியாபாரி. கடை மாடியில் கிராம்பும் மிளகும் மூட்டை மூட்டையாகக் கிடக்கும். அந்த மூட்டைகளுக்கு நடுவே ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் ஒத்திகை. லீட் கிட்டார் ஜெரால்ட். பேஸ் நான். பாடுவது ஸ்டெல்லா. அவள் யட்டவத்த பக்கம் ஒரு தோட்டத்தில், பிள்ளைக் காம்பராவில் கொழுந்து எடுக்கப் போகிறவர்களின் கைக்குழந்தைகளைப் பார்த்துக்கொள்கிற வேலை செய்தாள். ஞாயிறு பூசை முடிந்து பஸ் பிடித்து வருவாள். மிளகுத் தூசிக்கு இரண்டு தும்மல் போட்டுவிட்டுத்தான் பாட ஆரம்பிப்பாள். ஆரம்பித்துவிட்டால் கீழே கடையில் தராசு பிடித்துக்கொண்டிருக்கிற ஆட்கள் கையை நிறுத்திவிட்டு மாடியைப் பார்ப்பார்கள்.

என்னுடைய பேஸ், டவுனில் ஒரு மாதா கோயில் பாடகர் குழு புதிது வாங்கிக்கொண்டு தள்ளிவிட்ட பழசு. கம்பியும் அதோடு வந்ததுதான். ஆறு வருடம் மாற்றவில்லை. சத்தம் ரொம்பவும் மந்தமானால் கழற்றிச் சுடுதண்ணீரில் அவிப்பேன். அழுக்குப் போய் கொஞ்ச நாள் உயிர் வரும். "சோத்துச் சட்டியில என்னாடா கம்பி அவிக்கிற?" என்று அம்மா கத்துவார். விரல் எண்ணெயும் கிராம்புத் தூசியும் ஏறி ஏறி அந்தக் கம்பிகளுக்கு ஒரு கனத்த, மினுக்கமே இல்லாத சத்தம் வந்திருந்தது. எனக்கு அது வெட்கமாக இருந்தது. ஸ்டெல்லாவுக்குப் பிடித்திருந்தது. "நீங்க வாசிச்சா நெலத்துல கால் வச்சு நிக்கிற மாதிரி இருக்கு அண்ணே" என்று ஒருநாள் சொன்னாள். அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொள்ள எனக்கு மூளை போதவில்லை.

ஜெரால்ட் ஒரு மாதம் கொழும்பில் மச்சான் வீட்டில் இருந்துவிட்டு வந்தான். போனவன் வேறு, வந்தவன் வேறு. எந்த வசனமும் "கொழும்புல எல்லாம்" என்றுதான் ஆரம்பமாகும். என் பேஸைக் கேட்டுவிட்டு, "செத்த மாடு கத்துற மாதிரி இருக்கு" என்றான். "செத்த மாடு எங்கடா கத்தும்?" என்று நசீர் கேட்டான். ஜெரால்ட் பையிலிருந்து ஒரு பாக்கெட்டை எடுத்து என்னிடம் நீட்டினான். புத்தம் புதிய ஸ்டீல் கம்பிகள், கண்ணாடி மாதிரி மினுங்கின. தம்புள்ளையில் ஒரு ஹோட்டல் திறப்பு விழாவுக்கு எங்களைக் கூப்பிட்டிருந்தார்கள், பகல் நிகழ்ச்சி. கொழும்பில் பெரிய பேண்ட் வைத்திருக்கிற ஒருவர் வருகிறார், அவருக்குத் தமிழும் சிங்களமும் பாடுகிற ஒரு பெண் தேவை என்று ஜெரால்ட் சொன்னான். ஸ்டெல்லாவின் முகத்தை அன்று பார்த்திருக்க வேண்டும். பிள்ளைக் காம்பராத் தொட்டில்களிலிருந்து ஒரு கதவு திறக்கிறது என்றால் யாருக்குத்தான் முகம் மலராது?

நசீர் மட்டும் என்னைத் தனியாகக் கூப்பிட்டான். "மச்சான், புதுக் கம்பி இளகும். மூணு நாளைக்கி முந்தியே போட்டு இழுத்து இழுத்து வை. இல்லாட்டி பழசோடயே வா."

நான் கேட்டேனா? மூன்று நாள் முன்பே போட்டால் மினுக்கம் குறைந்துவிடும் என்று எனக்குப் பயம். கொழும்புக்காரர் கேட்கிறபோது அது புதிதாக இருக்க வேண்டுமாம். அவர் யாரைக் கேட்க வருகிறார் என்பதே எனக்கு மறந்துவிட்டது. விழா அன்று காலையில் எழும்பி நாலு கம்பியையும் மாற்றினேன். பழசைச் சுருட்டிக் குப்பையில் போட்டேன், எடுத்துக்கொண்டுகூடப் போகவில்லை.

தம்புள்ளை வெயிலைப் பற்றி மாத்தளைக்காரனுக்கு யாரும் சொல்லத் தேவையில்லை. மேடை ஹோட்டல் தோட்டத்தில், மேலே ஒரு துணி மட்டும். முதல் பாட்டு தப்பியது. இரண்டாவது ஸ்டெல்லாவுக்கென்று வைத்திருந்த மெதுவான பாட்டு. பாதியில் ஏதோ கோணலாகிறது என்று காதுக்குத் தெரிந்தது. ஜெரால்டின் கிட்டாரைத்தான் சந்தேகப்பட்டேன். என்னுடையது புதுக் கம்பி அல்லவா, புதிது எப்படிப் பிழை விடும்! உண்மையில் வெயிலில் என் கம்பிகள்தான் இளகி இறங்கிக்கொண்டிருந்தன. கிட்டார் ஒரு சுருதி, நான் ஒரு சுருதி. நடுவில் ஸ்டெல்லா. அவள் ஒரு கணம் தடுமாறினாள். பிறகு ஆறு வருடப் பழக்கத்தில் என்னை நம்பி, என்னோடு சேர்ந்து இறங்கிவிட்டாள்.

முன்வரிசையில் இருந்த கொழும்புக்காரர் பக்கத்து ஆளிடம் பேச ஆரம்பித்தார். நசீர் குச்சியால் என் முறுக்காணியைக் காட்டினான். முறுக்கினேன். அடுத்த பாட்டில் மறுபடி இளகியது. சாப்பாட்டுக்கு அழைத்தபோது கொழும்புக்காரர் எழுந்து போனவர்தான், எங்கள் பக்கம் திரும்பவில்லை.

நசீர் டிரம்ஸை ஏற்றிக்கொண்டு வாப்பாவின் லொறியில் வந்தான். வேனில் ஜெரால்ட், ஸ்டெல்லா, நான். நாவுல ஊரைத் தாண்டும் வரை ஜெரால்ட் பொறுத்துக்கொண்டான். பிறகு, "சுருதி நிக்காதவள கூட்டிட்டுப் போயி மானம் போச்சு. அந்த மனுசன் என்னா நெனச்சிருப்பாரு?" என்றான். ஸ்டெல்லா என் பக்கம் திரும்பினாள். நான் ஜன்னலுக்கு வெளியே, முன்னால் கோவா மூட்டை ஏற்றிப் போன மரக்கறி லொறியையே பார்த்துக்கொண்டிருந்தேன். அப்படி ஒரு லொறியை அதற்கு முன்னும் பின்னும் நான் அவ்வளவு கவனமாகப் பார்த்ததில்லை. மாத்தளை ஸ்டேண்டில் இறங்கி, "வாறேன்" என்று பொதுவாகச் சொல்லிவிட்டு யட்டவத்த பஸ்ஸில் ஏறினாள்.

அடுத்த ஞாயிறு வரவில்லை. அதற்கடுத்ததும் வரவில்லை. மூன்றாம் ஞாயிறு தோட்டத்துக்குப் போனேன். தண்ணீர் கொட்டும் பீலிக்கரையில் உடுப்பு அலசிக்கொண்டிருந்தாள்.

"ஸ்டெல்லா, அன்னைக்கி தப்பு ஒம்மேல இல்ல. என் கம்பி எறங்கிப் போச்சு."

"தெரியும் அண்ணே. எனக்குக் காது இருக்குல்ல."

"பின்ன ஏன் வேன்ல சொல்லல?"

"நீங்க சொல்லுவீங்கன்னு ஸ்டேண்டு வர்ற வரைக்கும் பாத்துக்கிட்டே வந்தேன்." ஒரு பிள்ளைச் சட்டையை இறுக்கிப் பிழிந்தாள். "ஜெரால்ட் அண்ணன் ஏசுனது பெரிசில்ல. அவரு எப்பவும் அப்படித்தானே."

மறுநாள் கடை மாடியில் ஜெரால்டிடம் நடந்ததைச் சொன்னேன். "நல்ல பாடகின்னா அதையும் சமாளிச்சிருக்கணும்" என்றான். நசீர் குச்சிகளைப் பையில் போட்டுக்கொண்டு கீழே இறங்கினான். பேண்ட் அன்றைக்கே முடிந்தது.

ஸ்டெல்லா அதற்குப் பிறகு தோட்டத்துக் கோயிலில் மட்டும் பாடினாள். கல்யாணம் செய்து அங்கேயே இருந்தாள். சில வருடங்களுக்கு முன் கண்டியில் கழுத்தில் ஒரு ஆபரேஷன். கட்டியை எடுத்தார்கள், உயிர் தப்பியது, குரல் போய்விட்டது. நத்தார் பெருநாளுக்கு ஃபோன் எடுத்தால் யாரோ காகிதத்தைக் கசக்குகிற மாதிரி கேட்கும். ஜெரால்ட் வெளிநாட்டில். பதினொரு கிட்டார் வைத்திருக்கிறானாம், ஒன்றையும் வாசிப்பதில்லையாம். நசீரின் கடை மாடியில் இப்போது ஃபோன் கவர் விற்கிறார்கள். கலேவெலயிலிருந்து மாத்தளை வரை எந்தக் கல்யாண மண்டபத்துக்குப் போனாலும் கீபோர்டோடு ஒரு ஆள் தனியாக உட்கார்ந்திருக்கிறான். ஒரு பொத்தானை அமுக்கினால் டிரம்ஸ், இன்னொன்றை அமுக்கினால் பேஸ். சுருதி பிசகுவதே இல்லை. கேட்கவும் முடிவதில்லை.

போன வருடம் ஸ்டெல்லாவின் மகள் என்னை அழைத்தாள். "மாமா, அம்மா பாடுனது எங்கயாச்சும் பதிஞ்சு இருக்கா? ஒரு பாட்டு கெடச்சாலும் போதும்."

தேடினேன். அலுமாரியின் அடித்தட்டில் ஒரு கேசட் கிடைத்தது, என் கையெழுத்தில் 'ஸ்டெல்லா, ஒத்திகை' என்று. நசீரிடம் ஒரு பழைய ரேடியோ இருந்தது, அதில் போட்டேன். டங், டங், டங் என்று பேஸ் கிட்டார். வேறொன்றும் இல்லை. அப்போதுதான் ஞாபகம் வந்தது. தம்புள்ளைக்குப் போன காலை, வேன் வருவதற்கு முன், புதுக் கம்பியின் மினுக்கம் எப்படி இருக்கிறது என்று கேட்டுப் பார்க்க, கைக்கு அகப்பட்ட கேசட்டில் பதிந்தேன். பக்கம் முழுக்க நான்தான். மறுபக்கம் வெறும் இரைச்சல்.

மகளிடம், "அந்தக் காலத்துல யாரு மகளே ரெக்கார்ட் பண்ணுனாங்க?" என்று சொல்லிவிட்டேன்.