பெர்லின் அண்ணன் நங்கூரம் போட்ட நாள்

சவுதியின் தம்மாம் கரையில் பெர்லின் அண்ணனைப் போல் வாயடிக்கிற ஆள் வேறு இல்லை. குமரிக் கடற்கரைக்காரர், எங்கள் மீன்பிடி லாஞ்சின் டிரைவர். கடலைப் பற்றி எதைக் கேட்டாலும் ‘தெரியாது’ என்ற சொல் அவர் வாயில் வராது. எட்டு வருடத்துக்கு முன் வேறொருவர் ஓட்டிய லாஞ்சில் போய், அடுத்த நாட்டு எல்லை தாண்டிப் பிடிபட்டு, ஒன்பது மாதம் ஜெயிலில் கிடந்தார். மனைவி சுபிஷா மூத்த மகளைப் பெற்றது அப்போதுதான். அன்றிலிருந்து சுக்கானை யாரிடமும் கொடுப்பதில்லை. எனக்கு அது எரிச்சலாகத்தான் இருக்கும்.

போன மார்ச்சில் ஒரு காலை, வலை இழுத்துக்கொண்டிருந்தபோது புழுதிக்காற்று கடலை மூடியது. பெரிய அலையொன்று உள்ளே விழுந்தது. பேட்டரி, ஜிபிஎஸ், சார்ஜில் கிடந்த மூன்று போன், எல்லாம் நனைந்து செத்தன. சூரியன் எந்தப் பக்கம் என்றே தெரியவில்லை.

“அண்ணே, நங்கூரத்தப் போட்டுட்டு, பாரத்த அல்லா மேல போட்டுட்டு இருப்போம்,” என்றார் ராமநாதபுரத்து கௌஸ் முகம்மது.

“சும்மா இருக்கதுக்கா வந்தோம்? அல கரைக்குத்தாம்லே போவும். அதுக்க பொறத்த போனாப் போதும். எனக்க கணக்கு தப்பாது,” என்றார் அண்ணன்.

எங்கள் ஊரில் அது சரி. இரண்டு மணி நேரம் அலைக்குப் பின்னால் ஓடினோம். பொறுக்காமல் ஈயக்குண்டு கட்டிய கயிற்றை இறக்கிப் பார்த்தேன். காலையில் பதினொரு பாகம் ஆழம். இப்போது பதினேழு. கரை நெருங்கினால் ஆழம் குறைய வேண்டாமா, பாவி மனுஷா! இந்தக் கடலில் அலை காற்று தள்ளும் பக்கம்தான் ஓடும் என்பது மூன்று பேருக்கும் அப்போதுதான் உறைத்தது. காற்றோ காலையிலிருந்து எத்தனை முறை திரும்பியதோ!

“எல்லை எந்தப் பக்கம் கெடக்கு?” என்று கத்தினேன்.

அண்ணன் எஞ்சினை நிறுத்தினார். “சுபிஷாவுக்கு எட்டு மாசம். அடுத்த வாரம் ஊருக்கு டிக்கெட் போட்டிருக்கு. இந்தப் பிள்ளைக்கும் நான் ஜெயில்லதான் கெடக்கணுமா?” என்றார். பிறகு மெதுவாக, “எனக்குத் தெரியல மக்கா,” என்றார்.

நங்கூரத்தை அவரே போட்டார். கழுத்து ஜெபமாலையைக் கழற்றி முட்டி போட்டார். “ஆண்டவரே, என்னால ஆவாது. நீரே பாத்துக்கிடும்.” பக்கத்தில் கௌஸ் துஆ கேட்டார்.

மூன்று மணி நேரம் அப்படியே கிடந்தோம். ஒவ்வொரு சத்தத்துக்கும் உயிர் போய் வந்தது. புழுதி மெலிந்தபோது சாம்பல் நிற ரோந்துப் படகொன்று நேராக எங்களை நோக்கி வந்தது. எந்த நாட்டுக்காரன்? கொடி கம்பத்தோடு சுற்றிக் கிடந்தது. அண்ணன் கண்ணை மூடிக்கொண்டார். காற்று கொடியைப் பிரித்தது.

“பச்சை அண்ணே! சவுதிக் கொடி!” என்று அழுதேவிட்டேன்.

ரோந்து அதிகாரி எல்லை இருக்கும் பக்கம் கை நீட்டினார். இன்னும் அரைமணி ஓடியிருந்தால் தாண்டியிருப்போமாம். “கலாஸ்!”, கதை முடிந்திருக்கும் என்று தலையில் அடித்துக்கொண்டார்.

கரை சேர்ந்ததும் முதலாளியின் போனை வாங்கி அண்ணன் வீட்டுக்குப் பேசினார். “இன்னைக்கு வழி தெரியாம நின்னுட்டேன் பிள்ளே. ஆண்டவருதான் கரை சேத்தாரு.”

மறுமுனையில் சுபிஷா அக்கா அலறியது எனக்கே கேட்டது. “ஆரு பேசுயது? எனக்க வீட்டுக்காரருக்கு என்ன ஆச்சு?”