கர்க்கடகம் கழியட்டும் என்று

2024 ஜூலை 18, வியாழக்கிழமை, காலை பதினொன்று இருபது. பாறசாலையில் விடாத சாரல். ஆஸ்பத்திரியில் எங்கள் டோக்கன் நாற்பத்தேழு. என் மனைவிக்கு இரண்டு மாதத்தில் ஆறு கிலோ குறைந்திருந்தது. நாலு வாய்ச் சோற்றுக்கு மேல் இறங்கவில்லை, வயிற்றில் ஓயாத வலி. சனிக்கிழமையே வயிற்றுக்குள் குழல் விட்டுப் பார்க்க வேண்டும் என்றார் டாக்டர்.

ஆட்டோவில் திரும்பும்போது அவள் சொன்னாள்: "கேட்டியளா, கர்க்கடகம் பொறந்து மூணு நாளுதான் ஆச்சு. இந்த மாசம் ஒண்ணும் தொடங்கப்பிடாது. சிங்ஙம் பொறக்கட்டும்."

எங்கள் பக்கத்தில் ஆடி மாதத்துக்குக் கர்க்கடகம் என்று பேர், ஆவணிக்குச் சிங்ஙம். கர்க்கடகத்தில் கல்யாணப் பேச்சு எடுக்கமாட்டோம், புது வீட்டில் பால் காய்ச்சமாட்டோம். நோய்க்கும் அது பொருந்துமா என்று படித்தவன் நான் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. குழல் என்ன சொல்லுமோ என்ற பயம் அவளைவிட எனக்குத்தான் அதிகம். ஆகஸ்ட் 19 என்று மாற்றி எழுதி வாங்கினேன். சரியாக முப்பது நாள் தள்ளி.

அந்த மாதம் முழுக்க மருந்துக்கஞ்சி. எத்தனை கரண்டி இறங்குகிறது என்று பக்கத்திலிருந்து எண்ணினேன். "நீங்க எண்ணினா என் வயிறு நெறையுமா?" என்பாள். இரண்டாம் வாரம் ஒருநாள் பதினொரு கரண்டி குடித்தாள். வலி குறைவு உண்டு என்றாள். நம்பினேன்.

குழல் விட்டு எடுத்த சதைத்துணுக்கில் புற்றுநோய் என்று வந்தது. ஆபரேஷனுக்கு முந்தின ஞாயிறு என் தங்கை மகள் வந்தாள். இரைப்பைப் புற்றில் மைக்ரோ ஆர்.என்.ஏ. என்ன செய்கிறது என்று திருவனந்தபுரத்தில் ஆராய்ச்சி செய்கிறவள். அந்த முப்பது நாளில் எவ்வளவு வளர்ந்திருக்கும் என்று அடுக்களைக்குக் கேட்காத குரலில் கேட்டேன்.

"அது தெரியாது மாமா. தொடங்கினதே பல வருசம் முந்தி இருக்கும்."

பிறகு விளக்கினாள். செல்லுக்குள் இருக்கும் மிகச் சின்னத் துணுக்குகள் அவை. ஒவ்வொன்றும் ஏறத்தாழ இருபத்திரண்டு மரபணு எழுத்து நீளம். இன்ன புரதத்தைச் செய் என்று போகும் கட்டளையை மறித்து நிறுத்துவது அவற்றின் வேலை. வளர்ச்சியை அடக்கும் துணுக்குகள் குறைந்து, அதைத் தூண்டிவிடும் துணுக்குகள் கூடினால் செல் நிற்காமல் பெருகும். வலி வருமுன்பே இதெல்லாம் தொடங்கிவிடும்.

"மாமிக்கு அந்த அடக்குற துணுக்கு எத்தனை குறைஞ்சிருக்கும்?"

"ரேசன் அரிசியா மாமா, தூக்கிப் பாத்துச் சொல்ல?" சிரித்தவள் உடனே நிறுத்திக்கொண்டாள். "ரத்தத்துலயே அதை அளந்து நோயைக் கண்டுபிடிக்க முடியுமாண்ணு பாத்துட்டிருக்கோம். இப்பவும் குழல்தான் வழி." சொல்லும்போது அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை.

ஆபரேஷன் அன்று, நாலு மணி நேரம் ஆகும் என்று சொல்லி அவளை உள்ளே கொண்டுபோனார்கள். நாற்பதாவது நிமிடம் சர்ஜன் வெளியே வந்தார். வயிற்றின் உள்ளுறை முழுக்கக் கடுகு தூவியதுபோல் பரவிவிட்டதாம். எதையும் எடுக்காமல் தைத்துவிட்டார்கள்.

"ஒரு மாசம் முந்தி வந்திருந்தா?"

"சொல்ல முடியாது" என்றார்.

அதன்பின் நூற்றொன்பது நாள் இருந்தாள். வயிற்றைத் திறந்து மூடியதற்கு, மருந்து நீங்கலாக, எழுபத்தெட்டாயிரத்து நானூற்று அறுபது ரூபாய்.