அப்பா சொன்ன கோஸ்தான்

என் கணவர் விமான நிலையத்தில் புதிதாக வேலைக்குச் சேருபவர்களுக்குப் பாதுகாப்புப் பாடம் எடுப்பவர். பாடத்தை அங்கேயே விட்டுவிட்டு நீலாயில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு வர அவருக்குத் தெரியாது. ஜெர்மனிக்கு மேலே ஒரு பயணிகள் விமானமும் ஒரு சரக்கு விமானமும் மோதிக்கொண்ட கதையை நான் தோசை ஊற்றும்போதெல்லாம் கேட்டிருக்கிறேன். பயணிகள் விமானத்தில் இருந்த கருவி ஏறச் சொன்னது. தரையில் தனியாளாக எல்லாவற்றையும் கவனித்துக்கொண்டிருந்தவர் இறங்கச் சொன்னார். விமானிகள் மனிதர் பேச்சைக் கேட்டு இறங்கினார்கள். மற்ற விமானமோ தன் கருவி சொன்னபடி ஏற்கெனவே இறங்கிக்கொண்டிருந்தது. "கருவி ஒண்ணு சொல்லி, ஆளு வேற சொன்னா, கருவி பேச்சத்தான் கேக்கணும். இப்ப உலகம் பூரா அதான் சட்டம்," என்று முடிப்பார். அதற்குள் தோசை கருகியிருக்கும்.

இவ்வளவு தெளிவான மனிதருக்கு என் அப்பாவிடம் மட்டும் ஒரு பலவீனம். நாங்கள் அவரைக் கேட்காமல் பதிவுத் திருமணம் செய்துகொண்டதால், அப்பா இவரை ஒருமுறைகூட 'மாப்பிள்ளை' என்று அழைத்ததில்லை. நேராகப் பேசியதும் இல்லை. இவர் எதிரிலேயே நிற்கும்போது, "அவரச் சாப்பிடச் சொல்லும்மா," என்பார் என்னிடம். அந்த ஒரு சொல்லுக்காக இவர் ஏங்கியதைப் பார்க்கப் பாவமாக இருக்கும். கொஞ்சம் எரிச்சலாகவும் இருக்கும்.

சுவா ஊருக்குப் பக்கத்துச் செம்பனைத் தோட்டத்தில் கோயில் திருவிழாவுக்குப் போனோம். அப்பா அங்கே வேலையாட்களை மேய்க்கும் மண்டோராக இருந்தவர். வேலையிலிருந்து ஓய்வு பெற்றார், அதட்டுவதிலிருந்து இன்னும் பெறவில்லை. எங்கள் ஆட்களுக்கு ஒரு காடி கோஸ்தான் எடுப்பதை, அதாவது கார் பின்னோக்கி வருவதைப் பார்த்துக்கொண்டு சும்மா நிற்க முடியாது. சாப்பாட்டுத் தட்டைக் கீழே வைத்துவிட்டாவது வந்து வழி சொல்லுவார்கள். அன்று அந்தப் பொறுப்பை அப்பா எடுத்துக்கொண்டார்.

கோயில் வாசலில் செம்பனை மரங்களுக்கு நடுவே இந்தப் பக்கம் இவர் ஓட்டிய எங்கள் காடி, அந்தப் பக்கம் அன்னதான வேன். இரண்டும் பின்னோக்கி வரவேண்டும். அப்பா ஓரமாக நின்று இரண்டுக்கும் ஒரே கையை ஆட்டினார்.

"கோஸ்தான், கோஸ்தான். வாங்க, இன்னும் இடம் இருக்கு லா."

இவரிடம் அப்பா நேராகப் பேசிய முதல் வார்த்தை அதுதான். காடியின் பின்பக்கத்து எச்சரிக்கைக் கருவி பீப் பீப் என்று அலறியது. நிறுத்தச் சொல்லி நானும் அலறினேன். இவர் முகமெல்லாம் சிரிப்பாகப் பின்னால் போனார். வேன்காரரும் தன்னைத்தான் கூப்பிடுகிறார் என்று நினைத்து வந்தார்.

யாருக்கும் அடி இல்லை. எங்கள் பின்விளக்கு நொறுங்கியது, வேனுக்குள் சாம்பார் வாளி கவிழ்ந்தது.

"அது கத்துச்சே, கேக்கலையா?" என்றேன்.

"கேட்டுச்சு. மாமா கூப்பிட்டாரே," என்றார்.

அப்பா நொறுங்கிய விளக்கைப் பார்த்தபடி, "அந்த பீப் சத்தம் எதுக்கும்மா?" என்று என்னிடம் கேட்டார். இவர் முந்திக்கொண்டு ஜெர்மனிக் கதையை ஆரம்பித்துவிட்டார். கோயில் வாசலில், சாம்பார் வாசனைக்கு நடுவே. நான் தலையில் கை வைத்துக்கொண்டேன். ஆனால் அப்பா முழுவதையும் கேட்டார். அந்த விமானத்தில் நிறையப் பிள்ளைகள் இருந்தார்கள் என்றபோது துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"அந்த ஆளும் தனியா நின்னுதான் ரெண்டு பக்கமும் பார்த்தாரா?"

"ஆமா மாமா."

அப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். பிறகு என் பக்கம் திரும்பாமல், இவரைப் பார்த்தே சொன்னார்:

"இனிமே அது கத்துனா, நான் வாங்கன்னு சொன்னாலும் வராதீங்க மாப்ள."