இப்பதான் குடிச்சிட்டு வந்தனான்

என் வீட்டுப் படலையில் காய்கறி தொங்கும். காலையில் முற்றம் கூட்டப் போனால் படலைக் கொழுக்கியில் ஒரு பை இருக்கும். ஒருநாள் முருங்கைக்காய், ஒருநாள் வாழைப்பொத்தி, மழை பெய்த மறுநாள் ஒரு பிடி கீரை. கொண்டுவந்தவர் கூப்பிடவும் மாட்டார், நிற்கவும் மாட்டார். முப்பது வருடத்துக்கு மேல் நோர்வேயில் இருந்துவிட்டு வந்த எனக்கு இது முதலில் சொர்க்கமாகத் தெரிந்தது. அங்கே என் மாடிவீட்டுக் கதவில் செருகியிருந்ததெல்லாம் விளம்பரத் தாள்கள்தான். மகன்மாருக்குப் படம் எடுத்து அனுப்பி, பாருங்கள், இதுதான் ஊர் என்று எழுதினேன். மாதங்கள் போகப் போக ஒன்று உறுத்தத் தொடங்கியது. காய் வந்தது, கறி வரவில்லை. எல்லோரும் படலைவரை வந்தார்கள், ஒருவரும் அதைத் திறந்து உள்ளே வரவில்லை.

கொடிகாமத்திலிருந்து உள்ளே போகும் மணல் ஒழுங்கையில், தென்னங்காணிகளுக்கு நடுவே இருக்கிறது இந்தக் குடியிருப்பு. நான் பிறந்தது இணுவிலில். அங்கே இப்போது ஒரு துண்டுக் காணி வாங்குவதென்றால் ஒஸ்லோவில் வீடு வாங்குகிறவன்கூட இரண்டுதரம் யோசிப்பான். அந்த விலையை ஏற்றிவிட்டது என்னைப்போல வெளிநாடு போன ஆட்கள்தான் என்பதால் குறை சொல்லவும் எனக்கு வாய் இல்லை. கணவர் இறந்தபின், மீன் தொழிற்சாலையில் உழைத்த பென்சனில் ஒஸ்லோ வாடகையைக் கட்டிவிட்டுப் பார்த்தால் மிச்சம் இருந்தது குளிர் மட்டும்தான். ஊருக்குப் போகிறேன் என்றேன். “அங்கை உங்களுக்கு ஆர் இருக்கினம், அம்மா?” என்று இளையவன் கேட்டான். ஊர் முழுக்க ஆட்கள்தானே என்றேன். இந்த வீடு கைக்கெட்டிய விலையில் கிடைத்தது. கிணற்றில் நல்ல தண்ணீர், வளவுக்குள் இரண்டு மாமரம், காலையும் மாலையும் பஸ். ஏன் இவ்வளவு மலிவு என்று நான் கேட்கவில்லை. இணுவிலில் இருக்கும் என் அண்ணை கேட்காமலே சொன்னார்.

“அங்கை எங்கடை ஆக்கள் ஒருத்தரும் இல்லை, தெரியுமோ?”

அவர் சொன்னது சாதியை. எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. வடநோர்வேயில், கை விறைக்க விறைக்க மீன் வெட்டியபோது பக்கத்தில் எங்கடை ஆட்கள் யார் நின்றார்கள்? எனக்கு உதெல்லாம் பிரச்சினையில்லை என்று அவரிடம் சொல்லிவிட்டு வீட்டை வாங்கினேன். வாங்கியபோது என்னை நினைத்து எனக்கே கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது.

எதிர்வீடு தவமணியுடையது. நாற்பது வயது இருக்கும். கணவன் மேசன் வேலைக்கு வவுனியாப் பக்கம் போய் இடைக்கிடை வந்து போவான். பள்ளிக்கூடம் போகும் இரண்டு பெண்பிள்ளைகள். குடிவந்த கிழமையே நான் போய் முகம் காட்டினேன். கதிரையைத் துடைத்து முற்றத்தில் போட்டாள்.

“தேத்தண்ணி போடட்டோ, அன்ரி?”

“வேண்டாம் பிள்ளை, இப்பதான் குடிச்சிட்டு வந்தனான்.”

பொய்தான். ஆனால் குசினி யன்னலில் பால்மாப் பையைக் கண்டிருந்தேன். அதன் வாயை மடித்து, உடுப்புக் காயப்போடும் கிளிப் ஒன்றால் இறுக்கியிருந்தார்கள். பால்மா விற்கிற விலைக்கு அது பிள்ளைகளுடையது என்று யாருக்கும் விளங்கும். வெளிநாட்டுப் பென்சன் எடுக்கிற கிழவி போய் அதில் இரண்டு கரண்டியைக் குறைக்க வேண்டுமா? அடுத்தமுறை போனபோதும் அதையே சொன்னேன், அதற்கடுத்த முறையும், ஒழுங்கையின் மற்ற வீடுகளிலும் அதையேதான். வெயில் என்று என் தண்ணீர்ப் போத்தலையும் கையோடு கொண்டு போனேன். தாகம் எடுத்தால் அவள் முற்றத்தில் இருந்துகொண்டே அதிலிருந்து குடித்தேன். நோர்வேயில் எல்லோரும் அப்படித்தான். மற்றவருக்குக் கரைச்சல் கொடுக்காமல் இருப்பதுதான் அங்கே நல்ல பழக்கம்.

அந்தப் பழக்கத்தை நான் அழுதுதான் படித்தேன். போன புதிதில், என் பக்கத்து மேசையில் மீன் வெட்டிய பெரித் என்ற பெண் என்னைத் தன் வீட்டுக்குக் கூப்பிட்டாள். சூடான வாஃபிள், அதன்மேல் பழப்பாகு, பக்கத்தில் கோப்பி. வேலை முடிந்து நேரே போயிருந்தேன், வயிறு காந்தியது. எடுக்கிறாயா என்று கேட்டாள். “நை, தக்” என்றேன். வேண்டாம், நன்றி என்று அர்த்தம். எங்கள் முறைப்படி அது பேச்சின் தொடக்கம்தானே. இன்னொருதரம் கேட்பார்கள், மெல்ல மறுக்கலாம். அதற்குப் பிறகும் விடாமல் கோப்பையைக் கையில் திணிப்பார்கள், அப்போது குடிக்கலாம். பெரித் சரி என்று தலையாட்டிவிட்டுத் தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். அவள் ஆறுதலாகச் சாப்பிட்டு முடிக்கும்வரை நான் பார்த்துக்கொண்டிருந்தேன். அறைக்கு வந்து வெறும் பாணைத் தின்றபடி, இவர்களுக்கு மனிதரை உபசரிக்கத் தெரியாது என்று கணவரிடம் சொல்லி அழுதேன். வருடங்கள் போனபின் அதிலும் ஒரு நிம்மதி இருப்பது விளங்கியது. வேண்டாம் என்றால் வேண்டாம், அவ்வளவுதான். சொன்னவள் யார், ஏன் சொன்னாள் என்று தோண்டிப் பார்க்க அங்கே ஒருவருக்கும் நேரமில்லை.

மாரி தொடங்கியபோது எனக்குக் காய்ச்சல் வந்தது. எழும்பி அடுப்பு மூட்ட முடியவில்லை. ஒழுங்கை முழுக்க அது தெரியும். தவமணி படலைக்கு வெளியே நின்று, “அன்ரி, குளிசை இருக்கோ?” என்று கேட்டாள். இருக்கு என்றேன். மறுநாள் பையில் சாறு பிழியத் தேசிக்காய் தொங்கியது. எனக்கு வேண்டியிருந்தது தேசிக்காய் அல்ல, ஒரு கோப்பை கஞ்சி. காய்ச்சல்காரர் வீட்டுக்குக் கஞ்சி வராத ஊர் யாழ்ப்பாணத்தில் உண்டா? எதிர்வீட்டில் தாளிக்கிற வாசம் வந்தது, பிள்ளைகள் சிரிப்பது கேட்டது. நான் சுவரைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தேன். ஒஸ்லோவில்கூட இவ்வளவு தனிமையை நான் அறியவில்லை. அங்கே யாரும் வருவார்கள் என்று காத்திருந்ததில்லை. ஊருக்குத் திரும்ப நினைக்கும் சிநேகிதிகள், அங்கே சீவிக்க எவ்வளவு போகும் என்று என்னைக் கேட்கிறார்கள். மலிவு என்றுதான் சொல்கிறேன், அது உண்மையும்தான். இந்த ஒழுங்கையில் ஒருவராவது என் வீட்டுக்குள் வந்து இருந்து கதைக்காவிட்டால் நான் இங்கே எப்படிக் கிடந்து சாவேன் என்ற பயத்தை அவர்களுக்கு எழுதுவதில்லை. திரும்பி வாருங்கள், ரிக்கற் போடுகிறேன் என்றான் இளையவன். யோசித்துச் சொல்கிறேன் என்றேன்.

காய்ச்சல் மாறியபின் அண்ணை என்னைப் பார்க்க வந்தார். என்றுமில்லாத சந்தோசம் முகத்தில்.

“நீ சின்னனிலையே கெட்டிக்காரி,” என்றார். “தேங்காய் எடுக்க உங்காலை வாற என்ரை சிநேகிதன் சொன்னவன். இவ்வளவு நாள் இருந்தும் ஒரு வீட்டிலையும் பச்சைத்தண்ணி வாயிலை வைக்கேல்லையாம். போத்திலிலை கொண்டுபோய்த்தான் குடிக்கிறியாம். உந்த ஆக்களுக்குள்ளை இருந்தும் எங்கடை மரியாதையைக் காப்பாத்திப்போட்டாய்.”

“பால்மா பிள்ளையளின்ரை எண்டுதான் அண்ணை நான் வேண்டாமெண்டனான்.”

அவர் சிரித்தார். “ஏனெண்டால் என்ன? அவைக்கு விளங்கவேண்டியது விளங்கியிருக்கு.”

அவர் போனபின் அந்த வசனத்தை எனக்கு நானே ஒருதரம் சொல்லிப் பார்த்தேன். இப்பதான் குடிச்சிட்டு வந்தனான். இப்படியான வீடுகளின் வாசலில் நின்று என் அம்மா சொன்ன அதே வசனம். அதைச் சொல்லித்தான் எங்கள் ஆட்கள் தலைமுறை தலைமுறையாக இவர்களின் கோப்பையைத் தொடாமல் தப்பினார்கள். பச்சைக் காயை யாரும் யாரிடமும் வாங்கலாம். சமைத்ததும் ஊற்றிய தண்ணீரும்தான் எங்கள் ஆட்களுக்கு ஆகாது. நான் ஏற்றுக்கொள்வேன் என்று அவர்கள் நம்பியதை மட்டும் படலையில் கட்டிவிட்டுப் போயிருக்கிறார்கள். என்னை வெறுத்திருந்தால் எனக்கு இவ்வளவு வலித்திராது. எனக்குச் சங்கடம் வராமல் பார்த்துக்கொண்டார்கள். சாதி பார்க்காதவள் என்று காட்ட வீட்டை வாங்கியதே போதும் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அடுத்த நாள் பின்னேரம் வெறுங்கையோடு தவமணி வீட்டுக்குப் போனேன். முற்றத்தில் இருந்து கிடுகு பின்னிக்கொண்டிருந்தாள். எழும்பிக் கதிரையைத் துடைத்துப் போட்டாள். தேத்தண்ணி போடட்டோ என்று கேட்கவில்லை. அந்தக் கேள்வியை அவள் எப்போதோ நிறுத்திவிட்டாள், நான்தான் கவனிக்கவில்லை.

“பிள்ளை, ஒரு தேத்தண்ணி தருவீங்களோ?”

அவள் ஒரு கணம் என் முகத்தைப் பார்த்தாள். “என்ன அன்ரி திடீரெண்டு?”

“நான் சாதி பாக்கிற ஆள் இல்லை. பால்மா பிள்ளையளுக்கு வேணுமெண்டுதான் அண்டைக்கு வேண்டாமெண்டனான். வேறை ஒண்டும் மனசிலை வைக்காதேங்கோ.”

“நாங்கள் ஒண்டும் நினைக்கேல்லை அன்ரி,” என்றாள். “இருங்கோ, வாறன்.”

சைக்கிளை எடுத்துக்கொண்டு போனாள். பால்மா முடிந்திருக்கும், வாங்கத்தான் போகிறாள் என்று நினைத்து வெட்கப்பட்டேன். ஆனாலும் உள்ளுக்குள் ஒரு சந்தோசம் இருந்தது. சாதி என்ற சொல்லை வாய்விட்டுச் சொல்லிவிட்டேன், இனி எல்லாம் சரிவரும் என்று தோன்றியது. அவள் திரும்பி வந்தபோது கையில் ஒரு சோடாப் போத்தல் இருந்தது. குளிரில் வியர்த்திருந்தது. உள்ளே கொண்டுபோகாமல், என் கண்ணுக்கு முன்னாலேயே மூடியைத் திறந்து, காகிதச் சுற்றைப் பிரித்து ஒரு ஸ்ட்ரோவும் போட்டு நீட்டினாள்.

என் அப்பா தோட்டவேலைக்கு ஆள் பிடிக்க இப்படியான வீடுகளுக்குப் போனால் இதைத்தான் குடிப்பார். கடையில் அடைத்தது, வீட்டுக்காரரின் கை உள்ளே படாதது. அப்பா நல்ல மனிதர். யாருடைய மனமும் நோகக் கதைக்கமாட்டார். சோடா மட்டும்தான் குடிப்பார்.

“தேத்தண்ணியே போதும், பிள்ளை,” என்றேன்.

“பரவாயில்லை அன்ரி, இது குளிராய் இருக்கு. குடியுங்கோ.”

அவள் குரலில் துளியும் கோபம் இல்லை. இருந்திருந்தால் நானும் ஏதாவது சொல்லியிருப்பேன். பிள்ளைகள் ரியூசனுக்குப் போகிற நேரம் என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். குசினியில் கேத்தில் கொதித்தது. கோப்பைகளில் கரண்டி சுழன்றது. சின்னவள் இன்னும் கொஞ்சம் சீனி கேட்டாள். தேத்தண்ணி வாசம் முற்றம்வரை வந்தது. இளையவனுக்கு வருகிறேன் என்று சொல்ல மனமில்லை, வரமாட்டேன் என்று சொல்லத் துணிவும் இல்லை. அவர்கள் உள்ளே குடித்தார்கள், நான் வெளியே கதிரையில் தனியே இருந்து குடித்தேன். பாதியில் வைத்துவிட்டு எழும்பலாம்தான், ஆனால் அதற்கும் இங்கே ஒரு அர்த்தம் இருக்கும். கடைசிச் சொட்டுவரை குடித்தேன்.