திபெசிக்வாவின் முழங்கால்

கியாரிகுண்டா, மாட்டு வியாபாரி திபெசிக்வாவுக்கு அறுபதாயிரம் ஷில்லிங் கடன்பட்டிருந்தாள். கூரைத் தகரத்துக்கு வாங்கியதில் மிச்சம். ஞாயிற்றுக்கிழமைக்குள் அடைக்காவிட்டால் அவளுடைய நாற்பது காப்பிச் செடிகளின் பழமும் அந்த வருஷம் அவருக்கு. பேச்சு அப்படி. செடிகளோ சிவக்கச் சிவக்கக் காய்த்து நின்றன.

கொரில்லாக்கள் வாழும் பிவிண்டிக் காட்டு வாசலில் சுமை தூக்குகிறவள் அவள். பன்னிரண்டு வருஷமாக வெளிநாட்டாரின் பைகளோடு மலையேறுகிறாள். ஒரு நாளாவது அவளுக்கு மூச்சு வாங்கியது என்று எவனாவது சொல்லட்டும், பார்ப்போம். சாலை எட்டாத வீட்டு நோயாளிகளைப் பிரம்புத் தூளியில் வைத்து ஆஸ்பத்திரிக்குச் சுமக்கும் எங்கள் தூளிச் சங்கத்தில், ஆண்களுக்குச் சமமாகத் தோள் கொடுத்த முதல் பெண்ணும் அவள்தான்.

அந்த வெள்ளிக்கிழமை திபெசிக்வாவே வாசலில் வந்து நின்றார். நூற்றுப்பத்து கிலோ ஆள். அறுபத்தைந்து வருஷம் காட்டோரத்தில் குடியிருந்தும் ஒரு கொரில்லாவைக்கூடப் பார்த்ததில்லை. கம்பாலாவிலிருக்கும் மகள் அனுமதிச் சீட்டு எடுத்துக் கொடுத்திருந்தாள். முழங்கால் போய்விட்டது, தூளியில் தூக்குங்கள் என்றார். எட்டுப் பேர், ஆளுக்கு அறுபதாயிரம் என்றாள் கியாரிகுண்டா. கேட்கும்போதே அவளுக்குக் காப்பிப் பழம் கண்ணில் தெரிந்தது.

"நான் சங்கத்து ஆளு. சங்கத்து நோயாளிய சும்மாதானே தூக்கணும்? சட்டம் போட்டதே நான்தாம்மா" என்றார் அவர்.

சட்டம் சட்டம்தான். தூக்கினார்கள்.

யானைச் சாணம் ஆவி விடும் தடத்தில், சேற்றில் வழுக்கி வழுக்கி ஏறினார்கள். உள்ளே இருப்பது மாடா, மாட்டு வியாபாரியா என்று அவள் பாட்டெடுத்தாள். மற்ற ஏழு பேரும் பின்பாட்டுப் பாடினார்கள். தூளிக்குள்ளிருந்து அவரும் சேர்ந்து பாடினார். மரத்து மேலே கருங்குரங்குகள் கிளை கிளையாகத் தாவி ஓடின.

இரண்டு மணி நேரத்தில் கொரில்லாக் குடும்பம் கிடைத்தது. பதினொன்று. பச்சைத் தண்டை உரித்துத் தின்றுகொண்டிருந்தன. குட்டி ஒன்று தாயின் வயிற்றில் ஏறுவதும் உருண்டு விழுவதுமாக இருந்தது. திபெசிக்வாவின் கண் நிறைந்துவிட்டது. "இத்தனை நாளா நம்ம ஊர்லயா இருந்தீங்க?" என்று மெல்லக் கேட்டார்.

அப்போது முதுகு வெளுத்த பெரியது எழுந்து நெஞ்சில் அறைந்தது. எட்டுப் பேரும் தூளியை இறக்கிவிட்டுக் குனிந்து உட்கார்ந்தார்கள். ஓடவே கூடாது என்று கூட வந்த வனக்காவலர் வாசலில் மூன்று தடவை சொல்லியிருந்தார். திபெசிக்வா ஓடினார். சாய்ந்து கிடந்த மரத்தை ஒரே தாண்டாகத் தாண்டிச் சரிவில் பறந்தார். பெரியது அவரைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, உட்கார்ந்து அடுத்த தண்டை உரித்தது.

கீழே ஓடைக்கரையில் மரத்தைக் கட்டிப்பிடித்து நின்றவரைக் கண்டுபிடித்தார்கள். காவலர் திட்ட ஆரம்பித்து, சிரிப்பை அடக்க முடியாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"அண்ணே, முழங்கால் எப்படி இருக்கு?" என்றாள் கியாரிகுண்டா.

"அது பயத்துல ஓடினது."

"பயத்துல அந்த மரத்தத் தாண்டுற காலு நோயாளிக் காலு இல்லண்ணே. சட்டம் நீங்க போட்டதுதான்."

ஏழு பேரும் சேற்றிலேயே உட்கார்ந்து சிரித்தார்கள். திபெசிக்வாவின் வயிறும் குலுங்கத் தொடங்கியது. காசு போனால் போகிறது, கொரில்லாவைப் பார்த்தாயிற்றல்லவா என்றார்.

வாசலுக்கு நடந்தே வந்து, ஏழு பேருக்கும் ஆளுக்கு அறுபதாயிரம் கொடுத்தார். அவள் பங்கை மட்டும் மடித்துத் தன்னிடமே வைத்துக்கொண்டார். கடனுக்குச் சரியாகப் போயிற்று என்றார்.

"அதெப்படி? சம்பாதிச்ச காசு மொதல்ல என் கைக்கு வரணும்."

வாங்கினாள். தொடையில் வைத்து ஒவ்வொரு தாளாக நீவினாள். கையை நீட்டச் சொன்னாள். வாசலில் நின்ற எல்லாருக்கும் கேட்கும்படி உரக்க எண்ணி, ஆறு பத்தாயிரம் தாள்களையும் அவர் உள்ளங்கையில் வைத்தாள்.