முதுகில் சாம்பல்

இது நடந்தது. நம்பாதவர்கள் ஃபாரஸ்ட் கேட் பகுதியில் உள்ள என் வீட்டுக்கு வரலாம். அன்றைக்குப் போட்டிருந்த கோட்டை இன்னும் துவைக்கவில்லை.

2004 ஏப்ரல். சூசைதாசன் அண்ணை பாரிஸிலிருந்து இங்கே குடியேறியவர். அங்கே உணவகத்தில் சட்டி கழுவினார். கடலைக் கடந்ததும் சமையல் நிபுணராகிவிட்டார். காடு எரிந்தால் அடுத்த வசந்தத்தில் அந்தச் சாம்பலில் மோரல் காளான் முளைக்கும், தலை தேன்கூடு மாதிரி இருக்கும், அதற்காக ஆட்கள் உயிரையே விடுவார்கள் என்று ஒரு பிறந்தநாள் விழாவில் கேக் வெட்டவிடாமல் உரை நிகழ்த்தினார். முந்தைய கோடையில் எரிந்த காடு ஒன்று நகரின் ஓரத்தில் இருந்தது. நாங்கள் இருவரும் போனோம்.

அவரிடம் ஒரு பழக்கம். யார் எதைச் செய்தாலும் பின்னால் வந்து முதுகில் தட்டுவார், பரிசளிப்பு விழாத் தலைவர் போல. எனக்கு அது அறவே பிடிக்காது.

காட்டின் முகப்பில் புதிய பலகை. வேர்கள் நிலத்தடியில் எரிந்து குழிகளாகியுள்ளன, உள்ளே போகாதீர்கள் என்றது.

"அது நடக்கத் தெரியாதவைக்கு, ஐசே," என்றார்.

காலை 6.10. பனிமூட்டம். கருகிய மரங்கள். ஒரு பறவைகூடக் கத்தவில்லை. பிரிந்து தேடினோம். முதல் காளான் கண்ணில் பட்டது. குனிந்து, கத்தியால் அடியில் வெட்டினேன்.

முதுகில் ஒரு தட்டு.

நான் திரும்பவில்லை. திரும்பினால் உரை தொடங்கிவிடும். ஓரடி முன்னால் இன்னொன்று. வெட்டினேன்.

தப்.

இம்முறை சற்று அழுத்தமாக. அடுத்த காளான், இன்னும் ஓரடி முன்னால்...

தப்.

சாம்பலில் நடந்தால் கரி நொறுங்கும். என் காலடியில் நொறுங்கியது. பின்னால் சத்தமே இல்லை. அதை அப்போதுதான் கவனித்தேன்.

"போதும், அண்ணை."

பதில் முன்னாலிருந்து வந்தது.

"என்ன போதும்?"

நிமிர்ந்தேன். பனிக்குள், எனக்கு எதிரே, தூரத்தில் அவர். கையில் காலிப் பை.

தப்.

"அசையாதையும்," என்றார். "முன்னால குழி."

ஒரு முழம் தள்ளிக் கருகிய அடிமரம். சுற்றிலும் கொத்துக் கொத்தாகக் காளான். என் காலடியிலிருந்து ஒரு கரித்துண்டு உருண்டது. விழுந்த சத்தம்... தாமதமாகக் கேட்டது.

"எனக்குப் பின்னால ஆர்?"

"ஒருத்தரும் இல்லை."

பின்னால்தான் போக வேண்டும். பின்னால்...

கண்ணை மூடினேன்.

ஓரடி.

குளிர்.

இன்னும் ஓரடி.

கார் நிறுத்துமிடத்தில் வனக்காவலர் ஒருவர் திட்ட வந்தார். என் முதுகைக் கண்டதும் விரலால் சுட்டிக் காட்டினார். கோட்டைக் கழற்றிப் பார்த்தேன். வெளிர் நிறத் துணியில் சாம்பல் கைத்தடங்கள். எல்லாமே வலது கை. அண்ணை தம் கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். சுத்தமாக இருந்தன. அன்றிலிருந்து அவர் யார் முதுகிலும் தட்டுவதில்லை.

அடிமரக் குழியைப் பற்றிச் சொன்னோம். காவலருக்கு அது தெரிந்திருந்தது. போன வாரம் காளான் பறிக்கத் தனியாக வந்த ஒருவரை அதற்குள்ளிருந்து பிணமாக எடுத்தார்களாம். பலகையே அதற்குப் பிறகு நட்டதுதான். இறந்தவரின் கோட்டு முதுகிலும் இதே வலது கைத் தடங்கள்.

ஆனால் ஓரிடத்தில் மட்டும், இரண்டு கைகளும் அருகருகே பதிந்திருந்தனவாம்.